புரட்டாசியில் வான்கோழி கூப்பிடப் போன நரேந்திரன்

இனிமேல் தன்னை யாரும் "வடை நரேன்" என்று சொல்லக்கூடாது என்று நரேந்திரன் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு முடிவெடுத்தான். முடிவெடுத்தபோது வாயில் வடை இருந்தது. அதனால் உடனே அறிவிக்க முடியவில்லை.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு உதிரிபாகக் கிடங்கில் அவனுக்கு ஒன்பது வருட வேலை. ஒன்பது வருடமும் அவன் கொண்டுபோன வடையை எல்லோரும் தின்றார்கள். முதுகில் தட்டினார்கள். ஆனால் திங்கட்கிழமை தேநீர் அறையில் ஒரு பேச்சு நடக்கும் பாருங்கள், எவன் எத்தனை மீன் பிடித்தான், எவனை எந்தக் காட்டுப்பன்றி துரத்தியது என்று, அந்தப் பேச்சில் மட்டும் அவனுக்கு இடமில்லை. ஒரே ஒரு தடவை, "வார இறுதியில் என்ன செய்தாய், நரேன்?" என்று கேட்டார்கள். "புல்லு வெட்டினேன்" என்றான். அதோடு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவனிடம்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிரெக் வந்து நின்றான்.

"வான்கோழி வேட்டைக்கு வர்றியா?"

வெல்ஸ்ஃபோர்டு தாண்டி கிரெக்கின் அண்ணனுக்குப் பண்ணை இருக்கிறது. காட்டு வான்கோழிகள் அங்கே கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. துப்பாக்கியும் லைசென்ஸும் கிரெக்கிடம் இருக்கின்றன. கூப்பிடத்தான் ஆளில்லை.

பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் அக்டோபர் என்றால் வசந்தம். ஆண் வான்கோழிகள் பெண் பார்க்கப் புறப்படும் காலம். புதருக்குள் ஒளிந்துகொண்டு பெட்டையின் குரலில் கூப்பிட்டால் போதும், மாப்பிள்ளை வாலை விசிறியாக விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, தானாகவே நடந்து வந்து துப்பாக்கிக்கு முன்னால் நிற்பார். அந்தக் குரலை எழுப்புவதற்கென்றே விதவிதமான கருவிகள் விற்கிறார்கள்.

"உனக்குக் கூப்பிட வருமா?" என்றான் கிரெக்.

"வருமாவா!" என்றான் நரேந்திரன்.

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. கிரெக் மகிழ்ந்து போய், அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை என்று நாள் குறித்தான். கிடங்கு முழுக்கச் சொல்லியும் விட்டான்.

நாள் குறித்து அரைமணி நேரம் கழித்துத்தான் நரேந்திரன் காலண்டரைப் பார்த்தான். அந்தச் சனிக்கிழமை, புரட்டாசி நாலாம் சனி.

அவன் மனைவி விஷாலினியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மற்ற பதினோரு மாதமும் ஆட்டுக்கறிக் குழம்பில் நல்லி எலும்பை அவளுக்கு முன்னால் யாரும் எடுத்துவிட முடியாது. புரட்டாசி பிறந்தால் ஆளே வேறு. முட்டை போட்ட கேக் வீட்டுக்குள் வராது. ஃபிரிஜ்ஜை உப்புப் போட்டுக் கழுவுவாள். நாலாம் சனிக்குப் பெருமாளுக்குத் தளிகை. அன்றைக்கு ஓர் எறும்பை மிதித்தாலும் விசாரணை உண்டு.

ஆக அவனுக்கு இரண்டு வேலை. கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஷாலினியிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது வேலையை, சொல்லாமல் இருப்பது என்ற வழியில் அப்போதே முடித்துவிட்டான்.

மறுநாளே வேட்டைச் சாமான் கடைக்குப் போனான். கடைக்காரருக்கு நெஞ்சுவரை தாடி. மூன்று கருவிகளை எடுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றிலும் பெட்டைக் குரலை எழுப்பிக் காட்டினார்.

ஒன்று மரப்பெட்டி. மேலே ஒரு மூடி. மூடியை ஓரத்தில் உரசினால் சத்தம் வரும். இன்னொன்று கல்தட்டு. அதன்மேல் ஒரு குச்சியால் வட்டமாகச் சுரண்ட வேண்டும். மூன்றாவது வாய்த்தகடு. குதிரை லாடம் போல விரல்நுனி அகலத்தில் ஒரு தகடு, நடுவில் ரப்பர் சவ்வு. மேலண்ணத்தில் ஒட்டவைத்து நாக்கால் அமுக்கி ஊத வேண்டும்.

"புதுசு என்றால் பெட்டியை எடுங்கள். பச்சைப் பிள்ளைகூட வாசிக்கும். வாய்த்தகடு பழகினவர்களுக்கு. உங்களுக்கு இது முதல் தடவையா?"

"ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

"இல்ல. ஊர்ல பழக்கம்" என்றான் நரேந்திரன்.

ஊர் என்றால் ஈப்போ. ஈப்போவில் அவன் கூப்பிட்டதெல்லாம் டாக்சியைத்தான்.

பழகினவன் வாய்த்தகட்டைத்தானே வாங்க வேண்டும்? வாங்கினான். கிளென்ஃபீல்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்துக்கு முன்னால் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தபோது, எடுத்து வாயில் வைத்தான். நாக்கால் அமுக்கினான். சத்தம் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம்தான் வரப் பார்த்தது. கண்ணில் நீர் தாரை தாரையாக ஓடியது. பக்கத்து வண்டிப் பெண்மணி கண்ணாடியை இறக்கி, "உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்றாள். நரேந்திரன் அழுதுகொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பசியாற உட்கார்ந்தால் நாக்கு தானாக மேலண்ணத்தைத் தேடியது. காலையில் எழுந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. நாலாவது நாள் கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"என்னங்க!"

"ம்ம்."

"வாந்தியா?"

"ம்ஹும்."

"நாலு நாளா காலையில எந்திரிச்சதும் ஓடுறீங்க, ஓங்கரிக்கிறீங்க. தனுஷா வயித்துல இருந்தப்ப எனக்கே இவ்வளவு இல்ல. கிளினிக்குக்குப் போன் போடட்டுமா?"

"ம்ம்ம்!"

"போட்டா எத்தனை மாசம்னு கேப்பாங்களே. என்ன சொல்லட்டும்?"

உள்ளே நரேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தகடு தொண்டையை நோக்கி நகர்ந்தது. பதறிப்போய்க் கதவைத் திறந்து இருமினான். தகடு பறந்து போய், வெளியே நின்ற மூன்று வயது மகள் தனுஷாவின் காலடியில் விழுந்தது.

"மம்மி! அப்பா டூத் ஃபெல் அவுட்!"

விஷாலினி குனிந்து எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நரேந்திரன் எதையும் மறைத்ததாகச் சரித்திரம் இல்லை. கிரெக்கிலிருந்து தாடிக்காரர் வரை கொட்டிவிட்டான்.

"புரட்டாசியில?"

"நான் திங்கப் போறதில்ல விஷா. சுடப் போறதும் இல்ல. கூப்பிடத்தான் போறேன். கூப்பிடுறது ஒரு பாவமா? கல்யாணத்துக்குக் கூப்பிடுறோம், காதுகுத்துக்குக் கூப்பிடுறோம்..."

"விருந்துக்குக் கூப்பிட்டு, வந்தவங்களையே விருந்தாக்குற வீடு எங்கயாச்சும் இருக்கா?"

"சுடுறது கிரெக்."

"பொண்ணு குரல்ல பேசி ஏமாத்துறது யாரு? பாவம்லா அது! சிங்காரிச்சுக்கிட்டுப் பொண்ணு பாக்க வருது. புதருக்குப் பின்னால மீசை வச்சுக்கிட்டு நீங்க உக்காந்திருக்கீங்க."

"அவங்க என்னைக் கூப்பிட்டிருக்காங்க விஷா" என்றான் நரேந்திரன். "ஒம்பது வருசத்துல மொதத் தடவையா."

இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. விஷாலினி மேலே பேசவில்லை. தகட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கீழ விழுந்தது. கழுவிட்டு வாயில வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வென்றுவிட்டோம் என்று நரேந்திரன் நினைத்தான். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. அவள் சண்டை போட்டால்தான் பயமில்லை, பேசாமல் போனால்தான் பயம் என்பது இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை.

எப்படியும் வாய்த்தகடு ஒத்துவராது என்று தெரிந்துபோனது. அன்றைக்கே போய்க் கல்தட்டை வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கராஜுக்குள் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தான். கரண்டியால் தட்டைப் பிறாண்டுவது போல ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுச் சோதிலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர், மத்தியானத் தூக்கத்தை மதிப்பவர்.

"தம்பி, உங்கட கராஜுக்குள்ள எலி நிக்குதோ?"

"இல்லண்ணே. வான்கோழி."

"வான்கோழியோ! கவுன்சிலுக்குத் தெரிஞ்சால் வில்லங்கமெல்லோ?"

"ஐயோ, கோழி இல்லண்ணே. சத்தம் மட்டும்தான்."

"ஓம், எங்களுக்கும் அந்தச் சத்தம் மட்டும்தான் வருது. கேக்கக் கேக்கப் பல்லுக் கூசுது தம்பி. எனக்கிருக்கிறது கட்டின பல்லு. அதுவே கூசுது எண்டால் யோசிச்சுப் பாருங்கோ!"

அவர் தலை இறங்குவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து தனுஷாவின் அழுகை கிளம்பியது. விஷாலினி குழந்தையைத் தூக்கி வந்து அவன் தோளில் சாய்த்தாள்.

"ஒரு மணி நேரம் பாடித் தூங்க வச்சேன். எழுப்புனவங்களே தூங்க வைங்க."

கராஜுக்கும் தெருமுனைக்கும் இடையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தான். குழந்தை தூங்கவில்லை. அவன்தான் நடந்தபடியே தூங்கி, கடைசியில் சோதிலிங்கத்தின் குப்பைத் தொட்டியில் முட்டிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை தாடிக்காரர் முன்னால் மூன்றாம் தடவையாகப் போய் நின்றான்.

"ஊரில் பழக்கம் என்றீர்களே?" என்றார் அவர்.

"அந்த ஊர் வான்கோழி வேற" என்று சொல்லிவிட்டு மரப்பெட்டியைக் கையில் எடுத்தான்.

பெட்டி பேசியது! மூடியை ஒரு இழு இழுத்ததும், கீ-யோக் என்று, கடைக்காரர் போட்டுக் காட்டிய அதே பெட்டைக் குரல். நரேந்திரனுக்கு உடம்பு சிலிர்த்தது. உரசும் இடத்தில் சுண்ணப்பொடி பூசியிருக்கும், ஈரம் மட்டும் படவே கூடாது என்று தாடிக்காரர் இரண்டு முறை சொல்லியனுப்பினார். நரேந்திரன் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். வேட்டையில் பாதி முடிந்த மாதிரி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

அடுத்த நாள் ஆயுத பூசை.

வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே செருப்பைக் கழற்ற மறந்து நின்றான். சாமி அறையில் அரிவாள்மணை, மிக்ஸி, துரப்பண மெஷின், லேப்டாப், தனுஷாவின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. நட்ட நடுவில், சிவப்புப் பட்டுத்துணிமேல், மரப்பெட்டி. மூடியில் குழைத்த சந்தனம் கனமாக மூன்று பட்டை. பட்டைமேல் குங்குமம். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில், தண்ணீர் தெளித்த சாமந்திப்பூ.

"விஷா... இதுல ஈரம் படக்கூடாது!"

"சாமி சந்தனத்தைப் போய் ஈரம்ங்கறீங்க! புது ஆயுதமாச்சே, மரியாதையா இருக்கட்டும்னு நடுவுல வச்சேன்."

பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடவும் கூடாது. மறுநாள் எடுத்து இழுத்தான். நனைந்த சிலிப்பரோடு நடப்பது போலச் சதக் என்றது. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் வைத்துக் காயவைத்தான். காய்ந்தது. கூடவே மூடி வாழைப்பழம் மாதிரி வளைந்தும் போனது.

சனிக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள். நரேந்திரனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சோற்றில் ரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தான். வேலையிடத்தில் கிரெக் தினமும், "ரெடியா?" என்றான். மேனேஜர்கூடக் கண்ணடித்துவிட்டுப் போனார். கூப்பிட்டு ஒன்றும் வரவில்லையென்றால்? அடுத்த திங்கட்கிழமை தேநீர் அறைக்குள் எந்த முகத்தோடு நுழைவது? இன்னொரு ஒன்பது வருடம் யாரும் அவனை எதற்கும் கூப்பிடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் துணிக்கொடியைச் சுற்றிச் சுற்றி வருவதை விஷாலினி ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த வாய்த்தகட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

வெந்நீரில் உப்புப் போட்டு அலசினாள். வாயில் வைத்தாள். கோயில் திருவிழாவில் குலவை போட்டுப் போட்டுப் பழகின நாக்கு அது. ஒரு சுழற்று சுழற்றினாள். அவர்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பெட்டை வான்கோழி குரலெடுத்துப் பேசியது. ஓங்கரிப்பு இல்லை, கண்ணீர் இல்லை. நரேந்திரன் வாயைப் பிளந்தபடி நின்றான்.

"எப்படி?"

"நீங்க வேலைக்குப் போனப்பறம் வீடியோ பாத்தேன். தனுஷா தூங்குற நேரம் கார்ல உக்காந்து பழகினேன். கடையில போய் எது நல்ல கருவின்னுதான் கேட்டீங்க. எது நல்ல நாக்குன்னு யாருங்க பாக்குறது?"

"எனக்குச் சொல்லித் தருவியா?"

"இதெல்லாம் கேக்கணுமா?"

நரேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறை தகடு வாயில் இல்லாமலே.

பாடம் தொடங்கியது. "இழுக்காதீங்க. இழுக்குறதுனாலதான் குமட்டுது. நாக்கை வச்சு நறுக்குன்னு ஒரு வெட்டு. டக்! நிறுத்துங்க. டக்! டக்!"

"டக்."

"பயந்துக்கிட்டுச் சொல்லாதீங்க. சுருக்குன்னு இருக்கணும்."

"டக்! கடையில நீளமால்ல ஊதிக் காட்டுனாரு?"

"நல்ல வீட்டுப் பொண்ணு இழுத்து இழுத்தா பேசும்? வெடுக்குன்னு ரெண்டு வார்த்தை. அதுலயே மாப்பிள்ளை மயங்கிடுவாரு."

அவன் பெண் பார்க்கப் போன அன்று விஷாலினி பேசியதும் வெடுக்கென்று இரண்டு வார்த்தைதான். நரேந்திரன் அப்படியே நம்பினான். பாலத்து நெரிசலில் டக் டக். கராஜில் டக் டக். வெள்ளிக்கிழமைக்குள் அவனுக்கு அது மூச்சு விடுவது போல வந்துவிட்டது. "கெட்டிக்காரர்!" என்றாள் விஷாலினி.

சனிக்கிழமை விடியும்போது அவனுக்கும் கிரெக்குக்கும் கிரெக்கின் அண்ணனுக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக் கொடுத்து, திருநீறு பூசி, தானே கேட்டைத் திறந்துவிட்டு வழியனுப்பினாள்.

பண்ணையில் புல்மேட்டு ஓரமாக மனுகா புதருக்குள் கிரெக்கும் நரேந்திரனும் குந்தியிருந்தார்கள். சூரியன் மேட்டுக்கு மேலே வந்தபோது அவையும் வந்தன. பதினான்கு வான்கோழிகள். யாரும் கூப்பிடாமலே வந்தன. முன்னால் மூன்று மாப்பிள்ளைகள், விரித்த வாலும் சிவந்த கழுத்துமாக, வரவேற்புப் பந்தலுக்குள் நுழைவது போல.

"கொஞ்சம் தூரம். இன்னும் கிட்டே வரணும். கூப்பிடு" என்று கிரெக் கிசுகிசுத்தான்.

நரேந்திரன் நெஞ்சு நிறைய மூச்செடுத்தான். ஒன்பது வருடத்தையும் அந்த நாக்கில் வைத்தான்.

டக்! டக்! டக்!

பதினான்கு கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மூன்று விசிறியும் பட்டென்று மடங்கின. அடுத்த நொடி மேட்டில் புல் மட்டும் இருந்தது.

"நாம அசைஞ்சிருப்போம்" என்றான் கிரெக்.

ஓடைக்கரைக்குப் போனார்கள். அங்கே ஐந்து. டக்! டக்! ஐந்தும் அக்கரையில். பழைய பைன் மரங்களுக்குப் போனார்கள். அங்கே ஒரே ஒரு கிழட்டு ஆண், கிளையில் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. நரேந்திரன் முழு உருக்கத்தோடு கூப்பிட்டான். அது பறந்த வேகத்தில் அதன் வயது பாதியாகிவிட்டது.

ஒன்பது மணிக்கு அந்தப் பண்ணையில் இறகு என்று மிஞ்சியது கிரெக்கின் தொப்பியில் செருகியிருந்த ஒன்றுதான்.

நாலு சக்கர பைக்கில் பண்ணைக்கார அண்ணன் வந்தார். நரேந்திரனை ஒருமுறை ஊதிக் காட்டச் சொன்னார். கேட்டார். பைக்கிலிருந்து இறங்கிப் புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது 'ஆபத்து, ஓடு' என்கிற குரல்! நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன். ஒரு பெட்டைகூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. யார் சொல்லிக் கொடுத்தது?"

நரேந்திரனுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. "என் மனைவி" என்றான்.

"அவங்களுக்கு 'வா' என்று கூப்பிடவும் தெரியுமா?" என்றான் கிரெக்.

"அவளுக்குத் தெரியாதது எது?" என்றான் நரேந்திரன். கோபத்தில் சொல்ல வந்தது. வெளியே வரும்போது பெருமையாக வந்துவிட்டது. கிரெக் அவள் நம்பரைக் கேட்டான். அந்த வேகத்தில் அதையும் கொடுத்தான்.

கிரெக்கின் லாரிப் பின்பலகையை இறக்கிப் போட்டு மூவரும் புளியோதரை தின்றார்கள். கிரெக் சிரித்துச் சிரித்துப் புரையேறினான். "திங்கட்கிழமை இதை நான்தான் சொல்வேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து டக் டக் மட்டும் போடு" என்றான்.

வீடு வரும்வரை நரேந்திரன் பாதித் தூரம் பல்லைக் கடித்தான். மீதித் தூரம் தானாகச் சிரித்துக்கொண்டான். வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஞாபகமாகக் கோபத்தை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

பெருமாளுக்குத் தளிகை முடிந்து, விஷாலினி இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது 'ஓடு'ன்னு அர்த்தமாம்!"

"ஓடுச்சா?"

"மூணு எடத்துலயும்!"

"பரவாயில்லையே. நல்லாத்தான் பழகியிருக்கீங்க."

"என்னை ஏமாத்திட்ட!"

"எங்க ஏமாத்துனேன்? போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? அவங்க கூட்டத்துல நீங்க சேரணும்னு ஆசைப்பட்டீங்க. சேந்தாச்சா இல்லையா?"

"...சேந்தாச்சு."

"நாலாம் சனி ஒரு உசுரு போகக்கூடாதுன்னு நான் ஆசைப்பட்டேன். அதுவும் போகல. வாங்க, கை கழுவிட்டு உக்காருங்க. வடை ஆறுது."

எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் பக்கம் நியாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நரேந்திரன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். அப்போது பையில் போன் அடித்தது. கிரெக்கின் செய்தி. ஆசையாகத் திறந்தான்.

"நவம்பரில் மறுபடி போகிறோம். உன் மனைவி வந்து கூப்பிட வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். நீ தயவுசெய்து வராதே, நண்பா. இங்கே எல்லாவற்றுக்கும் உன் குரல் தெரிந்துபோச்சு."

நரேந்திரன் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

"யாருங்க?"

"கிரெக். புளியோதரை நல்லா இருந்துச்சாம்."

"நவம்பர்ல புரட்டாசி முடிஞ்சிருக்கும்ல?" என்றாள் விஷாலினி, சாதத்தில் பருப்பை ஊற்றியபடி. "எனக்கும் அதே மெசேஜ் முன்னாடியே வந்துச்சுங்க. அன்னிக்குத் தனுஷாவை நீச்சல் கிளாஸுக்கு நீங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு எழுதி அனுப்பிட்டேன்."